கம்ப்யூட்டர் தந்த முதுகு வலி: படுத்தபோது போகவில்லை, நடந்தபோது போனது

கம்ப்யூட்டர் வாங்கும்போது ராம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க் எவ்வளவு, மானிட்டர் எத்தனை அங்குலம் என்று நாலு கடை ஏறி விசாரிக்கிறோம். அதன் முன் மணிக்கணக்கில் உட்காரப் போகும் நம் முதுகைப் பற்றி யாரிடமும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. அதனால் பட்ட பாட்டைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வேலை பார்த்த கம்பெனி மூடப்பட்டதும், சிறு கடைக்காரர்களுக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதித் தரலாம் என்று ஒரு கம்ப்யூட்டர் வாங்கினேன். சாப்பாட்டு மேஜைதான் கம்ப்யூட்டர் மேஜை. பிளாஸ்டிக் நாற்காலி. காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுவேன். ஜிஎஸ்டி ரிட்டர்ன் நாட்களில் சாப்பாடும் கீபோர்டு பக்கத்திலேயே வந்துவிடும். மூன்றாவது மாதம் ஒரு காலையில், சிபியுவின் பின்னால் கழன்றிருந்த கேபிளைச் செருகக் குனிந்தேன். நிமிர முடியவில்லை.

டாக்டர் காலைத் தூக்கச் சொல்லி, குதிகாலில் நடக்கச் சொல்லிப் பரிசோதித்தார். "பயப்படும்படி ஒன்றும் இல்லை, இப்போது ஸ்கேன் தேவையில்லை. முடிந்த அளவு நடமாடிக்கொண்டே இருங்கள்" என்றார். முதல் பாதி மட்டும் என் காதில் விழுந்தது. வீட்டுக்கு வந்து பன்னிரண்டு நாள் படுத்தே கிடந்தேன். வலி குறையவில்லை. கால்கள்தான் துவண்டன. குனிந்தால் முதுகில் ஏதோ முறிந்துவிடும் என்ற பயம் வேறு. இரண்டு கடைக்காரர்கள் கணக்கை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்கள். "இந்தக் கம்ப்யூட்டரை வித்துடலாங்க" என்றார் என் மனைவி. அன்றுதான் பிசியோதெரபிஸ்டைப் பார்க்கப் போனேன்.

என்னை விட வயதில் மிகவும் சிறியவர். "சார், உங்க நாற்காலி மட்டும் தப்பில்லை. மூணு மணி நேரம் அசையாம இருந்தீங்களே, அதுதான் தப்பு. வலி வந்ததும் பன்னிரண்டு நாள் மறுபடியும் அசையாம இருந்துட்டீங்க" என்றார். ஒரே நிலையில் இறுகியிருக்கும் தசைக்குப் போதிய இரத்த ஓட்டம் கிடைக்காது. படுத்தே இருந்தால் அந்தத் தசை பலமும் இழக்கும் என்று விளக்கினார்.

இது அவருடைய சொந்தக் கருத்து அல்ல. பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் திடீர் இடுப்பு வலி கண்ட 186 பேரை மூன்று பிரிவாக்கி நடத்திய ஆய்வு 1995-ல் வெளியானது. ஒரு பிரிவினர் இரண்டு நாள் படுக்கையில் ஓய்வெடுத்தார்கள். இன்னொரு பிரிவினர் முதுகுப் பயிற்சி செய்தார்கள். மூன்றாம் பிரிவினர் வலி அனுமதித்த அளவுக்கு அன்றாட வேலைகளைத் தொடர்ந்தார்கள். இந்த மூன்றாம் பிரிவினரே விரைவாகக் குணமடைந்தார்கள். படுத்தவர்கள்தான் பின்தங்கினார்கள். நாள்பட்ட இடுப்பு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023-ல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் முறைப்படுத்திய உடற்பயிற்சி இடம் பெற்றிருக்கிறது.

எனக்குத் தரப்பட்ட திட்டம் இதுதான்:

1. நடை: முதல் வாரம் காலையும் மாலையும் ஐந்து நிமிடம் மட்டும். பிறகு வாரம் தோறும் சில நிமிடங்கள் கூட்டிக்கொள்ள வேண்டும்.

2. பின் வளைவு: எழுந்து நின்று, கைகளை இடுப்பில் ஊன்றி, மெதுவாகப் பின்னால் சாய வேண்டும். ஐந்து முறை.

3. தோள்: இரண்டு தோள்பட்டைகளையும் பின்னால் இழுத்து ஐந்து விநாடி வைத்து விட வேண்டும். பத்து முறை.

4. கழுத்து: தலையைக் குனியாமல், முகவாயை நேராக உள்ளே இழுத்து விட வேண்டும். பத்து முறை.

செய்யும்போது லேசாக வலித்தால் நிறுத்த வேண்டியதில்லை. மறுநாள் காலை வரை வலி கூடுதலாக நீடித்தால் அளவைக் குறைக்க வேண்டும். வலி காலில் இறங்கினால் நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டும். இந்த விதிதான் என் பயத்தைப் போக்கியது. எது ஆபத்து, எது இல்லை என்று எனக்கே தெரிந்துவிட்டது.

ஆனால் வேலையில் மூழ்கினால் எழுந்திருக்க யாருக்கு நினைவு வரும்? இங்கேதான் கம்ப்யூட்டரையே காவலுக்கு வைத்தேன். விண்டோஸில் ஸ்டார்ட் பட்டனில் கிளிக் செய்து, ஆங்கிலத்தில் கிளாக் என்று டைப் செய்திடவும். அந்தப் புரோகிராமைத் திறந்து, டைமர் பிரிவில் 30 நிமிடம் அமைத்திடவும். மணி அடித்தால் எழுந்து இரண்டு நிமிடம் நடக்க வேண்டும். இன்னும் கண்டிப்பான காவலர் வேண்டும் என்றால் ஒர்க்ரேவ் என்ற இலவச புரோகிராம் இருக்கிறது. விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் இயங்கும். இடைவேளை நேரத்தை நினைவூட்டுவதோடு, அப்போது செய்யச் சிறு பயிற்சிகளையும் படத்துடன் காட்டும்.

உட்காரும் இடத்தையும் சரி செய்தேன். மானிட்டரின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வர, அடியில் இரண்டு பழைய கணக்குப் பேரேடுகள். திரை ஒரு கை நீளத் தூரத்தில். மவுஸ் கீபோர்டை ஒட்டி. பாதம் தரையில் முழுதாகப் பதியும்படி நாற்காலி. செலவு எதுவும் இல்லை.

வலி ஒரே நாளில் போகவில்லை. ஒரு வாரம் குறையும், மறு வாரம் திரும்பும். மூன்றாம் மாத முடிவில்தான் சிபியுவின் பின்னால் பயமில்லாமல் குனிந்தேன். விட்டுப் போன கடைக்காரர்களில் ஒருவர் திரும்பி வந்தார்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. காலில் பலம் குறைவது, தொடையிடுக்கில் மரத்துப்போவது, சிறுநீர் அல்லது மலம் கட்டுப்படாமல் போவது, வலியோடு காய்ச்சல், காரணமின்றி எடை குறைவது, விழுந்து அடிபட்ட பின் வரும் வலி: இவற்றில் ஒன்று இருந்தாலும் பயிற்சியில் இறங்காமல் உடனே டாக்டரிடம் செல்லவும்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் நாளே ஆன்டிவைரஸ் இருக்கிறதா என்று பார்க்கிறீர்கள் அல்லவா? அதே நாளில் இந்த டைமரையும் அமைத்துவிடுங்கள். நான் வலி வந்த பிறகு செய்ததை நீங்கள் வரும் முன்பே செய்யலாம்.