சேர்ந்து விடும் மூச்சு

“மக்களை வெறியேற்றுவதற்காகவே இசையின் சுருதியை 440 ஹெர்ட்ஸுக்கு மாற்றினார் நாஜிகளின் பிரச்சார மந்திரி கோயபல்ஸ் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

இல்லை. 440-ஐ ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் 1834-இலேயே ஷைப்ளர் என்பவர் பரிந்துரைத்துவிட்டார். 1939-இல் லண்டனில் கூடிய சர்வதேச மாநாடு அதை ஏற்றது. வரலாறு இவ்வளவு போதும். நம் கச்சேரிகளிலோ பாடகருக்குப் பாடகர் சுருதிக் கட்டை மாறுகிறது. அதனால் கேட்பவர் குணம் மாறுவதில்லை.

ஆனால் பாட்டும் நாடகமும் பிரச்சாரத்துக்கு இவ்வளவு கைகொடுப்பது எப்படி? அதற்கு மூச்சைப் பார்க்க வேண்டும்.

மூச்சை இழுக்கும்போது இதயம் சற்றே வேகமெடுக்கும். விடும்போது வேகஸ் நரம்பு அதைத் தணிக்கும். நாடியைப் பிடித்தபடி நிதானமாக மூச்சு விட்டுப் பாருங்கள், துடிப்புகளின் இடைவெளி நீள்வது விரலுக்கே தெரியும். பாடுவதும் நீளமாக மூச்சு விடுவதுதான். ஆயிரம் பேர் ஒரே பாட்டைப் பாடினால், வரி முடிகிற இடத்தில் ஆயிரம் பேரும் மூச்சு வாங்கியாக வேண்டும். ஸ்வீடனின் கோதன்பர்க்கில் இளைஞர்களைச் சேர்ந்து பாடவைத்து அளந்தார்கள். 2013-இல் முடிவு வெளியானது. பாட்டின் வரிகளோடு அவர்களின் இதய வேகமும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கியது. யாரும் யாரையும் தொடவில்லை! எனக்கு இது எத்தனை முறை படித்தாலும் அலுக்காத சங்கதி.

இப்படி ஒத்திசைந்த உடம்புகள் ஒத்துழைக்கவும் செய்கின்றன. 2009-இல் வில்டர்மத், ஹீத் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்தார்கள்: கால் சேர்த்து நடந்தவர்கள், பிறகு வந்த விளையாட்டில் ஒருவரையொருவர் அதிகம் நம்பி ஆடினார்கள். 2012-இல் வில்டர்மத் இன்னொன்றையும் காட்டினார். ஆய்வாளரோடு கால் சேர்த்து நடந்தவர்கள், அவர் பூச்சிகளைக் கொல்லச் சொன்னபோதும் மற்றவர்களைவிட அதிகமாக இணங்கினார்கள்.

தேரிழுப்பும் இப்படித்தான். வடத்தை ஆளுக்கொரு நேரம் இழுத்தால் சக்கரம் அசையாது. குரல் கொடுத்து ஒரே மூச்சில் இழுத்தால் நகரும். உள்ளங்கை எரிந்தாலும் கையை விடத் தோன்றாது, பக்கத்து ஆள் விடவில்லையே! ஆனால் எந்தப் பக்கம் திரும்புவது என்பது சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுபவர் கையில். முன்னால் இழுப்பவர் கண்ணில் அவர் படுவதே இல்லை.

இதை வைத்து ‘மூளைச்சலவை’ என்று முழங்குவதும் மிகைதான். இவை சிறிய சோதனைகள். நாஜிகளே ‘டிங்ஷ்பீல்’ என்ற பிரம்மாண்டத் திறந்தவெளி நாடகங்களைக் கூட்டுக்குரலோடு நடத்திப் பார்த்து, சில ஆண்டுகளிலேயே கைவிட்டார்கள்.

அந்த வாட்ஸ்அப் செய்தியை யாருக்கும் அனுப்பாதீர்கள். கூட்டத்தோடு சேர்ந்து தாராளமாகப் பாடுங்கள். பாட்டு முடிந்ததும் மேடை கேட்பது கையெழுத்தோ காசோ கைகலப்போ, எதுவானாலும் பதிலை மறுநாளுக்குத் தள்ளிப்போடுங்கள்.