ஜமக்காளம் பிறக்கும் ஊர்

கல்யாண வீடோ, காதுகுத்தோ, எழவு வீடோ, வந்தவர்களுக்கு முதலில் விரிப்பது ஜமக்காளம்தான். அது எங்கே, எப்படி நெய்யப்படுகிறது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பவானி என் அம்மிச்சி ஊர். காலாண்டு லீவில் அங்கே போய்ப் பார்த்ததை எழுதுகிறேன்.

கோவையிலிருந்து ஈரோட்டுக்கு ரயில். அங்கிருந்து பஸ் ஏறினால் சுமார் 15 கிலோமீட்டர். காவிரியும் பவானியும் சேரும் இடம்தான் கூடுதுறை. கண்ணுக்குத் தெரியாத அமுத நதியும் அங்கே சேர்வதாக நம்பிக்கை. ஆடிப் பதினெட்டு அன்று படித்துறையில் கால் வைக்க இடம் இருக்காது. அங்குள்ள சங்கமேஸ்வரர் கோயிலில் தந்தத்தால் ஆன கட்டில் ஒன்று உண்டு. 1804-ல் அதைக் கொடுத்தவர் வில்லியம் காரோ. அப்போது நம் கோயம்புத்தூர் ஜில்லா கலெக்டர்! வேதநாயகி அம்மன் சின்னப் பெண்ணாக வந்து அவரை எழுப்பி வெளியே கூப்பிட, அவர் வந்த பிறகு பங்களா இடிந்து விழுந்ததாம். கதையோ நிஜமோ, கட்டில் இருக்கிறது.

இனி ஜமக்காளத்துக்கு வருவோம். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சீமை மில் துணி வந்து குவிந்தது. இங்கிருந்த ஜங்கமர் என்ற நெசவாளர்கள் பிழைப்புக்காக, மொத்த நூலில் வண்ணப் பட்டை போட்ட விரிப்பு நெய்யத் தொடங்கினார்கள். அதுதான் பவானி ஜமக்காளம்.

அப்பிச்சி வீட்டில் இருப்பது குழித்தறி. குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து மிதியை மிதிக்க வேண்டும். பாவு நூலில் பாதி மேலே போகும், பாதி கீழே வரும். நடுவில் நாடா ஓடி ஊடை நூலை விட்டுச் செல்லும். உடனே அச்சை இழுத்து 'டப்' என்று அடிப்பார்கள். ஊடை நூல் தடிமன் என்பதால் அடிக்க அடிக்க பாவு நூலே மறைந்துவிடுகிறது. நாம் பார்க்கும் சிவப்பு, பச்சை, நீலப் பட்டை எல்லாம் ஊடையின் நிறம்தான். அதனால்தான் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறது.

அகலமான ஜமக்காளம் என்றால் தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். ஒருவர் தள்ளும் நாடாவை மற்றவர் வாங்கித் திருப்பித் தள்ளுவார். முன்பு அப்பிச்சியும் மாமாவும் உட்கார்ந்தார்கள். மாமா திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார். இப்போது அந்தப் பக்கம் அம்மிச்சி. அவருக்கு முட்டிவலி, ரொம்ப நேரம் குழிக்குள் உட்கார முடியாது. "உங்க மாமனைத் தப்புச் சொல்ல முடியாது கண்ணு. அங்க வாரத்துக்கு வாரம் காசு" என்றார் அப்பிச்சி.

ஏன் இப்படி? எங்கள் வீட்டுக் கதையே பதில் சொல்லும். அக்கா சீருக்கு அப்பா ஒரு கடையில் 'பவானி ஜமக்காளம்' என்று மலிவாக வாங்கி வந்தார். முதல் தண்ணியிலேயே சாயம் போய், சல்லடை மாதிரி ஆகிவிட்டது. விசைத்தறியில் நெய்ததாம். அம்மாவின் கல்யாண ஜமக்காளம் இன்னும் கிழியவில்லை! 1985-ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் ஜமக்காளமும் உண்டு. 2005-06-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதாவது, வேறு ஊரில் நெய்ததை 'பவானி' என்று விற்கக் கூடாது. ஆனால் கடையில் யார் கேட்கிறார்கள்? நாங்களே கேட்கவில்லையே.

ஜப்பானில் ஓய்ட்டா என்று ஒரு மாகாணம். 1979-ல் அங்கே ஆளுநராக இருந்த ஹிரமட்சு 'ஒரு கிராமம், ஒரு பொருள்' என்ற இயக்கத்தை ஆரம்பித்தார். அதற்கு முன்பே, 1961-ல், அங்குள்ள ஓயாமா என்ற மலையூர்க்காரர்கள் நெல்லை விட்டுவிட்டு பிளம், செஸ்ட்நட் மரங்களை நட்டுப் பேர் வாங்கியிருந்தார்கள். இளம்பிள்ளைகள் ஊரை விட்டுப் போவதைத் தடுப்பதுதான் எல்லாவற்றுக்கும் காரணம். நம் ஈரோடு மாவட்டம் பிறந்ததும் அதே 1979-ல்தான் (அப்போது பெரியார் மாவட்டம்). பொருளுக்கு இங்கே பஞ்சமே இல்லை. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு வந்தது. பக்கத்துக் கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரைதான் பழனி பஞ்சாமிர்தத்துக்கே போகிறது. கூடுதுறையில் குளித்துவிட்டு அப்படியே கிளம்பாமல், இரண்டு தெரு தள்ளித் தறிச் சத்தம் கேட்கும் வீட்டுக்குப் போனால், நெய்தவரிடமே விலை கேட்டு வாங்கலாம். கடைக்காரர் லாபமும் அவருக்கே போகும்.

கிளம்பும் நாள் அம்மிச்சி இடத்தில் நான் உட்கார்ந்தேன். "நாடாவைப் பிடிக்காதே, வாங்கு" என்று அப்பிச்சி நூறு தடவை சொல்லியிருப்பார். ஒரு மணி நேரத்தில் நாலு விரல் அகலம் நெய்தோம். ஓரம் பாம்பு மாதிரி வளைந்திருந்தது. "நல்லா வருது சாமி" என்றார். நான் பஸ் ஏறிய பிறகு அதைப் பிரித்துவிட்டு மறுபடி நெய்ததாக அம்மிச்சி போனில் சொல்லிச் சிரித்தார்.

– 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு