மலர்ப் பள்ளத்தாக்கும் மேய்ச்சல் நிலமும்

ஆடுமாடுகளை உள்ளே விடாது அடைத்துவிட்டால் புல்வெளி தானே செழித்துவிடும் என்பது நம்மிற் பலருடைய எண்ணம். உத்தரகண்ட் மாநிலத்தின் சமோலி மாவட்டத்திலுள்ள மலர்ப் பள்ளத்தாக்கினை நடந்து பார்த்து வந்தபின், விஷயம் அத்தனை எளிதன்று என்றே நமக்குத் தோன்றுகிறது.

கோவிந்தகாட் என்னும் ஊரிலிருந்து புல்னா கிராமம் வரை சுமார் 4 கிலோமீட்டர் மோட்டார் வண்டி செல்லும். அப்பால் கங்காரியா வரை ஏறத்தாழ 10 கிலோமீட்டரும் ஏற்றமே. கோவேறு கழுதைகள் கிடைக்கும்; நாற்பதைக் கடந்த முழங்கால்களையே நம்பி நாம் நடந்தோம். 3,000 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட உயரத்திலுள்ள கங்காரியாவுக்கு அப்பால் வழி இரண்டாகப் பிரிகிறது. பெருங்கூட்டம் ஹேம்குண்ட் என்னும் சீக்கியர் தலத்துக்கு ஏறுகிறது. சிலரே பள்ளத்தாக்கின் பக்கம் திரும்புகின்றனர்.

சுமார் 87 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இவ்விடத்துக்குள் ஜூன் முதல் அக்டோபர் முடிய மட்டுமே செல்லலாம். மற்றைய மாதங்களில் பனி மூடிவிடும். முளைத்து, பூத்து, விதையுதிர்க்கச் செடிகளுக்குக் கிடைக்கும் காலம் இவ்வளவே. ஆதலால் பாதையை விட்டு விலகலாகாது. இரவு தங்கவும் கூடாது. குளிர்நாட்டு மண்ணில் மிதிபட்ட இடம் விரைவில் தேறாது. ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் நீலப் பாப்பி முதலிய மலர்கள் பூக்கின்றன. பிரம்ம கமலத்தைக் காண உயர்ந்த பாறைச் சரிவுகளையே நோக்க வேண்டும்.

1931-ஆம் ஆண்டு காமெட் சிகரத்தில் ஏறித் திரும்பிய பிராங்க் ஸ்மைத் என்னும் ஆங்கிலேயர் இதனைக் 'கண்டுபிடித்தார்' என்பர். பியூண்டார் கிராமத்தாருக்கோ அது வழிவழியாக வந்த மேய்ச்சல் நிலம்! 1982-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதை ஒட்டி மேய்ச்சல் நிறுத்தப்பட்டது.

பின்னர் நேர்ந்ததுதான் கருதத்தக்கது. 'அமேலா' என்று அவ்வூரார் கூறும் உயரமான களையொன்று அடர்ந்து பரவி, சிறு மலர்ச்செடிகளை நிழலால் அமுக்கியது. கால்நடையை விலக்கியதே காரணம் என்பார் சிலர். பழைய மேய்ச்சலாலும் நிலச்சரிவாலும் கெட்ட மண்ணில்தான் அது காலூன்றியது என்பார் வேறு சிலர். இரு திறத்தார் கூற்றிலும் உண்மையுண்டு என்பது நம் கருத்து. எவ்வாறாயினும், இன்று அக்களையை ஆள் வைத்துப் பிடுங்க வேண்டியுள்ளது. விதை முற்றுமுன் பிடுங்காவிடில் அவ்வாண்டு உழைப்பு வீண் என்பதை உழவர் பெருமக்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

மேய்ச்சலை இழந்த கிராமத்தார் கடை, கோவேறு கழுதை, சுமைகூலி ஆகியவற்றால் பிழைக்கலாயினர். 2013 ஜூன் வெள்ளத்தில் பியூண்டார் கிராமமும் நடைபாதையும் சிதைந்தன. பாதை மீண்டும் அமைக்கப்பட்டது. பியூண்டார், புல்னா மக்கள் சேர்ந்த சுற்றுச்சூழல் மேம்பாட்டுக் குழு, பாதையிற் சேரும் குப்பையை அகற்றும் பணியை ஏற்றுள்ளது. யாத்திரிகர் எறியும் பிளாஸ்டிக் புட்டிகள் மலைமீது புதைக்கப்படாமல், மூட்டையாகக் கட்டிக் கீழே இறக்கப்படுகின்றன.