முதலில் வில்யாழ் செய்யுங்கள்

யாழ் செய்யத் தொடங்குகிறவர் எதைப் பார்த்துச் செய்வது? பழைய யாழ் ஒன்றுகூட நம்மிடம் இல்லை. மாமல்லபுரத்துத் தர்மராஜ ரதத்தில் வீணை ஏந்திய சிவனைக் காணலாம். ஆனால் வீணையில் ஒரே தந்தியை வெவ்வேறு இடங்களில் அழுத்திப் பல சுரங்களை எடுக்கிறோம். யாழில் நரம்புக்கு ஒரு சுரம்தான். ஆகவே சிற்பத்தைவிடப் பாட்டே நல்ல வழிகாட்டி. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையில் வரும் நீர்ப்பெயற்றுத் துறைமுகம் மாமல்லபுரமே என்று கருதும் அறிஞர்கள் உண்டு. அந்தப் பாட்டில் இரண்டு வகை யாழ் வருகிறது. ஒன்று பாணனுடையது: தோல் போர்த்திய பத்தர் (ஒலிப்பெட்டி), கரிய கோடு (வளைந்த தண்டு), அதில் வரிசையாகத் திவவுகள் (நரம்பை இறுக்கும் கட்டுகள்). மற்றது மேய்ச்சல் காட்டில் இடையன் தானே செய்துகொண்ட வில்யாழ்: குமிழங்கொம்பில் மரல் நாரைத் திரித்து நரம்பாகக் கட்டியது. புதிதாகச் செய்பவர் இடையனைப் பின்பற்றுவதே சரி.

வில்யாழை விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்கலாம். ஆனால் யாழின் மிகப் பெரிய சிக்கல் அதிலேயே இருக்கிறது. மேல்நாட்டு ஹார்ப்புக்கு முன்பக்கம் ஒரு தூண் உண்டு, யாழுக்கு இல்லை. எல்லா நரம்புகளின் இழுப்பையும் வளைந்த கோடு ஒன்றே தாங்க வேண்டும். மூன்றாவது நரம்பை இறுக்கினால் கோடு மயிரிழை அளவு வளையும். உடனே முதல் இரண்டும் தளர்ந்து சுருதி இறங்கிவிடும். மறுபடி அவற்றை இறுக்கினால் மூன்றாவது இறங்கும். கோடு எவ்வளவு தடிமனாக இருக்க வேண்டும் என்பது இந்த இழுபறியில்தான் பிடிபடும். 21 நரம்புப் பேரியாழில் தொடங்கினால் எந்த நரம்பு எதைக் கெடுக்கிறது என்றே தெரியாது. பத்தர் அடுத்த படி. ஆட்டுத்தோலை ஊறவைத்து ஈரத்தோடு இழுத்துத் தைத்தால் காய்ந்து விறைக்கும். கடற்காற்றின் ஈரத்தில் திரும்பத் தளரும். தோல் போர்த்தி, நரம்பைக் கோட்டில் கயிற்றால் கட்டிச் சுருதி சேர்க்கும் முறையைப் பர்மாவின் சவுங் என்ற வில் வடிவக் கருவியில் இன்றும் பார்க்கலாம். திவவைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல சான்று அருகில் இல்லை.

மூலக்கருவி இல்லாமல் செய்வது வெறும் கற்பனை அல்லவா என்று கேட்பார்கள். இங்கிலாந்தின் சட்டன் ஹூ புதைகுழியில் 1939இல் ஒரு நரம்புக் கருவியின் துண்டுகள் கிடைத்தன; நம் பல்லவர் காலமான 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அதை முதலில் ஹார்ப்பாக மீட்டமைத்தார்கள். பிறகே லைர் என்ற வேறு வகை நரம்புக் கருவி என்று திருத்தினார்கள். துண்டுகளைக் கையில் வைத்திருந்தவர்களே திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. விபுலானந்த அடிகளும் 1947இல் வெளிவந்த ‘யாழ் நூல்’ என்ற நூலில் பாட்டும் உரையும் கணக்கும் கொண்டுதான் யாழ் வகைகளை ஆராய்ந்தார். ஊகம் தவறல்ல, அதை மறைப்பதுதான் தவறு. நீங்கள் செய்யும் யாழின் அடியில், எது பாட்டிலிருந்து வந்தது, எது பர்மாவிலிருந்து எடுத்தது, எது உங்கள் ஊகம் என்று தெளிவாக எழுதி ஒட்டிவிடுங்கள்.