சந்திரனருகே எடுத்த படங்களும் கண்டோர் கொண்ட கருத்துக்களும்

படம் ஒன்று, அதனைக் கண்டோர் கருத்துப் பல. 1968ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 24ஆம் நாள் அப்பொல்லோ 8 என்னும் விண்கலத்திலிருந்து எடுக்கப்பெற்று, ‘புவியுதயம்’ என இன்று வழங்கும் வர்ணப்படத்துக்கு இக்கூற்று மிகவும் பொருந்தும். அப்பயணத்தை முன்னிட்டு உலக ஒற்றுமை பேசினோரும் உளர்; நீதிமன்றம் ஏறினோரும் உளர்; சந்திரப் பயணம் முழுவதுமே கட்டுக்கதை என்று பின்னாளில் நூல் எழுதினோரும் உளர். எமது வகுப்பறைகளிலும் அப்படங்கள் கூடத்தினுள்ளே விளக்கு வைத்து எடுக்கப்பட்டவை தாமா என்று வினவும் மாணவர் இன்று பலர். அவ்வினா நன்று, வினவுவோரை அதட்டி அடக்குதல் நன்றன்று. ஆயின் விடை காணும் முறையை அவர் அறிதல் வேண்டும்.

முதலில் நிகழ்ந்தது யாதென நோக்குவாம். போர்மன், லொவெல், அன்டேர்ஸ் என்னும் அமெரிக்கர் மூவர் டிசெம்பர் 21ஆம் நாள் புறப்பட்டு, 24ஆம் நாள் சந்திரனை அடைந்து, அதன் தரையினின்றும் ஏறத்தாழ 110 கிலோமீற்றர் உயரத்திலே பத்து முறை அதனைச் சுற்றினர். அன்டேர்சுக்கு இட்ட பணி சந்திரனிலுள்ள பள்ளங்களைப் படம் பிடித்தல். பூமியைப் படம் பிடிக்குமாறு அவருக்குத் தந்த பணிநிரலில் முதன்மை கொடுக்கப்பட்டிருக்கவில்லை. நான்காம் சுற்றிலே, போர்மன் கலத்தை மெல்லத் திருப்பிக்கொண்டிருந்த வேளையில், சாம்பல் நிறமான சந்திர விளிம்பிற்கு அப்பால் நீலமும் வெண்மையுமாய்ப் பூமி தோன்றிற்று. அன்டேர்ஸ் வியந்து கூவினார். அது பணிநிரலில் இல்லையே, எடாதேயும் என்று போர்மன் பகிடி பண்ணினார். கையிலிருந்த கமராவில் கறுப்பு வெள்ளைச் சுருளே இருந்தது. அதில் ஒன்று எடுத்துவிட்டு, வர்ணச் சுருள் வேண்டும் என்று அன்டேர்ஸ் பரபரத்தார். லொவெல் தேடிக் கொடுத்தார். பிறந்தது அப்படம். இலங்கை நேரப்படி அப்பொழுது இரவு 10 மணி கடந்து ஏறத்தாழப் பத்து நிமிடம்.

படத்தை எடுத்தவர் தாமே என்று போர்மன் நெடுங்காலம் சொல்லிவந்தார். கலத்தினுள்ளே பதிவான குரல்களும், சந்திரத் தரையின் அளவைகளைக் கொண்டு நாசா நிறுவனத்தார் 2013இல் மீளவும் அமைத்துக் காட்டிய காட்சியும் அன்டேர்சே எடுத்தவர் என்பதை நிலைநாட்டின. நேரிற் கண்டவர் நினைவும் பிழைபடும் என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

‘உதயம்’ என்ற பெயரும் ஆராயத்தக்கது. சந்திரன் எப்பொழுதும் தன் ஒரு முகத்தையே பூமிக்குக் காட்டி நிற்பதால், சந்திரத் தரையில் நிற்பவனுக்குப் பூமி உதிப்பதுமில்லை, மறைவதுமில்லை. வானில் ஏறக்குறைய ஓரிடத்திலேயே நிற்கும். சுற்றிவந்த கலத்தில் இருந்தவர்க்கே அது எழுவதுபோலத் தோன்றிற்று. அன்றியும், அன்டேர்ஸ் கண்டபடி வைத்தால் சந்திர விளிம்பு படத்தில் ஒருபுறமாய்ச் செங்குத்தாக நிற்கும். நாம் சூரியோதயத்தைக் கண்டு பழகியவர்களாதலால், அவ்விளிம்பு கீழே கிடக்குமாறு படத்தைத் திருப்பி அச்சிட்டனர் பத்திரிகையாளர். திருப்பாது விட்டிருப்பின் இத்துணைப் புகழ் அதற்கு வாய்த்திருக்குமோ என்பது ஐயமே.

இதற்கு முன்னர் சந்திரனருகேயிருந்து பூமியை எவரும் படம் எடுத்திலர் என்பதன்று. 1966 ஓகஸ்ட் மாதத்திலேயே ஆளில்லாக் கலமொன்று சந்திர விளிம்பையும் பிறைப் பூமியையும் ஒருசேரப் படம்பிடித்து அனுப்பியது. அது கறுப்பு வெள்ளை. உலகம் ஒருமுறை பார்த்துவிட்டுத் தன் வேலைக்குப் போயிற்று. பின்னையதில் வர்ணம் உண்டு என்பது ஒரு வேறுபாடு. கமராவின் பின்னே வீட்டை நினைத்த மனிதன் ஒருவன் இருந்தான் என்பது பெரிய வேறுபாடு.

1968 அமெரிக்கருக்குத் துன்ப ஆண்டு. மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரிலிலும் றொபேட் கென்னடி யூனிலும் சுட்டுக் கொல்லப்பட்டனர். வியட்நாம் போர் உச்சத்தில் இருந்தது. அந்த ஆண்டை நீங்களே காப்பாற்றினீர்கள் என்று முகமறியாத ஒருவர் போர்மனுக்குத் தந்தி அனுப்பினார். கவிஞர் ஆர்ச்சிபோல்ட் மக்லீஷ், இருளிலே மிதக்கும் சிறிய நீல உலகில் நாம் யாவரும் உடன்பயணிகளான சகோதரர் என்னும் கருத்துப்பட நியூ யோர்க் ரைம்ஸ் பத்திரிகையில் ஒரு கட்டுரை வரைந்தார். இப்படத்தைக் கண்டே அவர் அதனை எழுதினார் எனப் பலரும் கருதுவர். கட்டுரை வெளிவந்தது டிசெம்பர் 25ஆம் நாள். படச்சுருள் கலத்தோடு பசிபிக் சமுத்திரத்தில் வந்திறங்கியதோ 27ஆம் நாள். தெளிவற்ற தொலைக்காட்சி நிழலையும் செய்தியையும் கொண்டே கவிஞர் அதனைக் கண்டுகொண்டார் என்க. கவிஞருக்கு அவ்வளவு போதும் போலும்.

நத்தார் முன்னிரவில் மூவரும் விண்வெளியிலிருந்து விவிலியத்தின் படைப்பு வரலாற்றை வாசித்தனர். கோடிக்கணக்கானோர் மனமுருகிக் கேட்டனர். மடலின் மரே ஓஹேர் என்னும் நாத்திகப் பெண்மணி, அரசாங்கச் செலவிற் சென்றோர் சமயநூல் வாசித்தல் முறையன்று என வழக்குத் தொடர்ந்தார், வழக்குத் தள்ளுபடியாயிற்று. 1969இல் இப்படம் பொறித்து வெளிவந்த ஆறு சத முத்திரையில் அவ்விவிலிய வாசகத்தின் தொடக்கமும் இடம்பெற்றது. 1970 ஏப்ரில் 22இல் முதன்முதல் நடந்த பூமி நாளுக்கும் இப்படமே வித்து என்பாரும் உளர். அது மிகைக்கூற்று. இராச்செல் கார்சன் அம்மையார் பூச்சிமருந்துகளின் கேட்டை 1962இலேயே எழுதிவிட்டார். 1969 தொடக்கத்தில் கலிபோர்னியாக் கரையில் எண்ணெய் கசிந்து கடலைக் கெடுத்தது. மக்கள் ஏற்கெனவே திரண்டிருந்தனர். அவர்கள் கையில் ஏந்த ஒரு கொடியாயிற்று இப்படம்.

இனி ஐயமுற்றோர் கூற்றுக்கு வருவாம். 1976இல் பில் கேசிங் என்பவர் சந்திரனுக்கு எவரும் போகவில்லை என்று ஒரு நூல் வெளியிட்டார். அக்கூட்டத்தார் விடாது எழுப்பும் வினா: படங்களில் வானம் கரியதாய் இருக்கின்றது; விண்மீன் ஒன்றேனும் இல்லையே, ஏன்?

நம் முன்னோர் அறிவு பெறும் வாயில்களை அளவை என்றனர். பிறர் பத்துவரை விரித்த அளவைகளைக் காட்சி, கருதல், உரை என மூன்றினுள் அடக்கிக் காட்டும் சிவஞான சித்தியார். அப்பத்தில் அபாவம் என்பதொன்று. விளக்கேற்றிய அறையிற் குடத்தைக் காணாவிடின், குடம் இல்லை எனத் துணியலாம். இருட்டறையிற் காணாவிடின் அவ்வாறு துணியலாகாது. இருந்தால் கண்டிருப்போம் என்ற நிலையிலேதான் காணாமை இன்மைக்குச் சான்றாகும்.

சந்திரத் தரை வெயிலிலே சுடர்விடுவது. அதனைப் படம் பிடிக்கக் கமராவின் கண் ஒரு செக்கனின் 250இல் ஒரு பங்கு நேரமே திறந்தது. விண்மீனின் மெல்லொளி சுருளிற் பதிய அதனினும் பன்மடங்கு நேரம் வேண்டும். நல்லூர்த் திருவிழா இரவில் விளக்கொளியிற் சுவாமி வீதிவலம் வரும்போது எடுத்த படங்களை எடுத்துப் பாருங்கள். மேலே வானம் மைபோல் இருக்கும். ஒரு மீனும் இராது. அன்றிரவு விண்மீன்களே இல்லை என்று எவரேனும் சொல்வரோ? இங்கே கமரா இருட்டறையிற் குடம் தேடியவன் நிலையில் உள்ளது.

ஐயத்தைத் தீர்க்கும் வேறு சான்றுகளும் உள. 1969 முதல் 1972 வரை ஆறு பயணங்களிற் கொணர்ந்த 382 கிலோகிராம் கல்லும் மண்ணும் பல நாட்டு அறிஞரால் ஆராயப்பட்டன. அங்கே நாட்டிவந்த கண்ணாடிகளை நோக்கிப் பூமியிலிருந்து விடும் லேசர் ஒளி, ஏறத்தாழ இரண்டரைச் செக்கனில் மீண்டு வருகின்றது. 2009இல் ஏவப்பெற்ற ஆய்வுக்கலம் இறங்கிய இடங்களையும் காலடித் தடங்களையும் மேலிருந்து காட்டிற்று. இவற்றினும் எனக்கு வலிதாய்த் தோன்றுவது ஒன்றுண்டு: போட்டியில் தோற்ற சோவியத் ஒன்றியம், பொய்யைக் காட்டிக்கொடுக்கும் கருவியும் காரணமும் உடையதாயிருந்தும், அதனை மறுத்திலது.

ஐயமுற்றோர் செய்த அதே பிழையைப் படத்தைப் போற்றினோரும் செய்தனர் என்பதே நான் சொல்ல விழைவது. விண்ணிலிருந்து நோக்கின் நாட்டெல்லைகள் தெரியவில்லை. ஆகவே எல்லைகள் வெறும் கற்பனை என்று மேடைதோறும் பேசினர். கேட்க இனிது. ஏறத்தாழ 380,000 கிலோமீற்றர் தொலைவிலிருந்து நோக்கின் இமயமும் தெரியாது; ஆறும் ஊரும் தெரியா; பசித்தவன் முகமும் தெரியாது. ஓமந்தையிலும் முகமாலையிலும் பொதிகளை இறக்கி ஏற்றி வெயிலில் வரிசை நின்றவருக்கு, எல்லை கற்பனை என்று சொல்லிப் பாருங்கள். மேலிருந்து காணாமை தூரத்தின் குணம். எல்லைகள் நீங்க வேண்டும் என்று விரும்புதல் வேறு. அவை இல்லை என்று படத்தைச் சான்று காட்டுதல் வேறு. முன்னையது அறம், பின்னையது அளவைப் பிழை.

இதனோடு தொடர்புடைய இன்னொரு படம் நமக்கு அண்மையது. 1972 டிசெம்பர் 7ஆம் நாள், சந்திரனை நோக்கிச் சென்ற அப்பொல்லோ 17 கலத்திலிருந்து, புறப்பட்டு ஏறத்தாழ ஐந்து மணி நேரத்தில், சூரியனைப் பின்னே வைத்து முழுப் பூமியையும் எடுத்தனர். ‘நீலப் பளிங்கு’ என்று பெயர் பெற்ற அப்படத்தில் ஆபிரிக்காவும் அரேபியாவும் மடகஸ்காரும் தென்துருவப் பனியும் விளங்கித் தோன்றும். மூலத்தில் தெற்கு மேலாய் இருந்ததை வடக்கு மேலாகத் திருப்பியே வெளியிட்டனர். பாடநூல்களிலும் சுவரொட்டிகளிலும் மாணவர் யாவரும் கண்டிருப்பர்.

அப்படத்தின் வலப்புற மேல் ஓரத்தை உற்று நோக்குக. இந்து சமுத்திரத்தின்மேல் சுருண்டு கிடக்கும் வெண்முகில் ஒன்று தென்படும். இரு நாள்களுக்கு முன், டிசெம்பர் 5ஆம் நாள், தமிழ்நாட்டைக் காற்றாலும் வெள்ளத்தாலும் அலைத்துவிட்டு மேற்கே நகர்ந்த சூறாவளி அது. கடலூர்ப் பக்கத்தார் சரிந்த கூரையை நிமிர்த்திக்கொண்டிருந்த வேளையிலே அதனைப் படம் எடுத்தனர். உலகம் அதன் அழகை மெச்சிற்று.