பொய்க்குரலில் ஒரு மெய்

திரை விலகும்போது பாரசீகப் பேரரசன் செர்செஸ் ஒரு மரத்தடியில் நிற்கிறான். கடலுக்குக் குறுக்கே பாலம் கட்டிப் படை நடத்தத் துணிந்தவன், தனக்கு நிழல் தந்த மரத்துக்கு நன்றி சொல்லிப் பாடத் தொடங்குகிறான். தந்தி வாத்தியங்கள் மெதுவாக அடியெடுத்து நடக்க, அவற்றின் மேல் ஒரே ஒரு ஸ்வரம் எழுந்து நிற்கிறது. நூலிழையாகப் புறப்பட்டு, இடையில் மூச்சு வாங்காமல் பருத்து, அரங்கை நிறைத்து, மறுபடி வந்த வழியே இளைத்து அடுத்த ஸ்வரத்தில் இறங்குகிறது. பாடுபவர் தாடி வைத்த ஆண். குரலோ பெண்கள் பாடும் உயரத்தில் இருக்கிறது. முதன்முறை கேட்டபோது, திரைக்குப் பின்னால் வேறு யாரோ பாடுகிறார்கள் என்றே நினைத்தேன்.

1738இல் லண்டனில் அரங்கேறிய, இசையமைப்பாளர் ஹாண்டெலின் ‘செர்சே’ ஓபராவின் தொடக்கம் இது. இந்த உயரத்தில் பாடும் ஆண்களைக் கவுன்டர்டெனர் என்கிறார்கள். அவர்களில் பலருக்கு இயல்பான பேச்சுக்குரல் நம் பக்கத்து வீட்டுக்காரரின் கனத்த குரல்தான். அப்படியானால் அந்த ஸ்வரம் எங்கிருந்து வருகிறது?

குரல் உடைந்த எந்த ஆணும் இதை வீட்டிலேயே சோதிக்கலாம். நெஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் ‘ஆ’ என்று இழுங்கள். நெஞ்செலும்பு அதிர்வது கையில் தெரியும். அப்படியே சுருதியை மேலே ஏற்றிக்கொண்டே போங்கள். ஓரிடத்தில் குரல் சட்டென்று தடுக்கி, மெல்லிய வேறொரு குரலுக்குத் தாவும். கையில் தெரிந்த அதிர்வும் அடங்கிவிடும். அந்த மறுகரைக் குரலைத்தான் நாம் கள்ளக்குரல், பொய்க்குரல் என்கிறோம். இத்தாலியர்கள் வைத்த பெயரும் அதேதான்: ஃபால்செட்டோ. ‘பொய்’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்தது.

தாவும் அந்த நொடியில் குரல்வளைக்குள் நடப்பது இது. குரல் நாண்கள் என்று நாம் சொல்பவை உண்மையில் கயிறுகள் அல்ல. உள்ளே தசையும் மேலே வழுவழுப்பான சவ்வும் கொண்ட இரண்டு மடிப்புகள். பேசும்போது உள்தசை இறுகித் தடிமனாக இருக்கிறது. மடிப்பு முழுக்கவே மோதி விலகி, வினாடிக்குச் சுமார் நூறு, நூற்றிருபது முறை அதிர்கிறது. பொய்க்குரலில் அந்த உள்தசை தளர்ந்துவிட, குரல்வளையின் முன்பக்கம் இருக்கும் வேறொரு தசை குருத்தெலும்பைச் சாய்த்து மடிப்புகளை நீளவாக்கில் இழுக்கிறது. நீண்டு மெலிந்த மடிப்பின் விளிம்பு மட்டும் அதிர்கிறது. செர்செஸின் முதல் ஸ்வரத்துக்கு அந்த விளிம்புகள் வினாடிக்கு ஏறக்குறைய 500 முறை அதிர வேண்டும்.

பயிற்சி இல்லாதவரிடம் இந்த விளிம்புகள் சரியாக மூடிக்கொள்வதில்லை. இடைவெளியில் காற்று ஒழுகும். ஒலியும் உள்ளீடற்றுப் புகைபோல் வரும். கவுன்டர்டெனரின் பல ஆண்டுச் சாதகம் இங்கேதான் செலவாகிறது. மடிப்புகளை அழுத்தாமல் நெருங்கவைக்கப் பழக வேண்டும். தொண்டையையும் வாயையும் அந்தச் சுருதிக்கு ஏற்ற முழக்கக் கூடமாக வடிவமைத்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தத் தாவும் இடத்தைத் தையல் தெரியாமல் தைக்க வேண்டும். ஒரு ஸ்வரத்தைச் சிறிதாகத் தொடங்கிப் பெருக்கித் தேய்ப்பதை இத்தாலியர்கள் ‘மெஸ்ஸா தி வோச்சே’ என்பார்கள். சத்தம் கூடக் கூட நுரையீரலிலிருந்து வரும் அழுத்தமும் கூடும். அழுத்தம் கூடினால் சுருதி மேலே நழுவப் பார்க்கும். அதை நழுவவிடாமல், மடிப்புகளின் இழுவிசையை மயிரிழை மயிரிழையாகத் தளர்த்தியபடி பாட வேண்டும். கேட்கும் நமக்கு அது ஒரே ஸ்வரம். பாடுபவருக்கு அது நொடிக்கு நொடி நடக்கும் சமன்பாடு.

நீண்ட ஸ்வரம் ஒரு சோதனை என்றால், வேகம் இன்னொன்று. 1724இல் வந்த ஹாண்டெலின் ‘ஜூலியோ சேசரே’ ஓபராவில், சூழ்ச்சிக்காரனான எகிப்திய அரசனை எதிர்கொள்ளும் சீசர், சத்தமின்றிப் பதுங்கிச் செல்லும் வேட்டைக்காரனாகத் தன்னை உருவகித்துப் பாடுகிறார். வேட்டைக்கு அழைக்கும் ஹார்ன் வாத்தியம் அவரோடு கூடவே வருகிறது. ஆரியா எனப்படும் இத்தகைய தனிப்பாடல்கள் மூன்று பகுதி கொண்டவை: முதல் பகுதி, மாறுபட்ட இரண்டாம் பகுதி, மறுபடி முதல் பகுதி. திரும்பி வரும்போது எழுதியதை அப்படியே பாடினால் ரசிகர்கள் ஏமாந்துபோவார்கள். சங்கதிக்கு மேல் சங்கதி போட்டுக் கற்பனையைக் காட்டும் இடம் அது. ஒவ்வொரு ஸ்வரமும் மணிமணியாக விழ வேண்டும். பிருகாவுக்குத் தலையாட்டிப் பழகிய காதுகளுக்கு இந்த இன்பத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பாடல்கள் யாருக்காக எழுதப்பட்டன என்பது வலிக்கும் கதை. மகரக்கட்டு வரும் வயதுக்கு முன்பே சிறுவர்களுக்கு விதையடித்துவிட்டால், குரல்வளை வளராமல் பிள்ளைக்குரல் நிலைக்கும். மார்புக்கூடு மட்டும் வளர்ந்து பெரியவரின் மூச்சைத் தரும். பெண்கள் தேவாலயத்தில் பாடக் கூடாது, ரோமில் மேடையேறக் கூடாது என்றிருந்த காலத்தில் இத்தாலியில் இந்தக் கொடுமை நடந்தது. அப்படி உருவான பாடகர்கள்தான் காஸ்ட்ராட்டிகள். ஹாண்டெலின் சீசர் செனசீனோ, செர்செஸ் கஃபரெல்லி, ஐரோப்பாவையே மயக்கிய ஃபரினெல்லி எல்லோரும் அவர்களே. அந்த மரபின் கடைசிக் குரலான அலெசாண்ட்ரோ மொரெஸ்கியை 1902இலும் 1904இலும் ரோமில் ஒலிப்பதிவு செய்தார்கள். 1922இல் அவர் மறைந்தார்.

பிறகு அந்த வேடங்களுக்கு ஆள் இல்லை. இருபதாம் நூற்றாண்டில் இந்த ஓபராக்களை மீட்டெடுத்தவர்கள் சீசரின் பாட்டை ஒரு ஸ்தாயி கீழே இறக்கிக் கனத்த குரல்களுக்குக் கொடுத்தார்கள். ஹாண்டெலோ, காஸ்ட்ராட்டி கிடைக்காதபோது வீரன் வேடத்தைப் பெண்ணிடம் கொடுத்தாரே தவிர, சுருதியை இறக்க விரும்பவில்லை. அவர் காதில் வீரத்தின் இடம் மேலேதான் இருந்தது.

கவுன்டர்டெனர் மீண்டதும் ஒரு தேவாலயத்திலிருந்துதான். இங்கிலாந்தின் பேராலயப் பாடகர் குழுக்களில் ஆண்கள் பொய்க்குரலில் பாடும் வழக்கம் தொடர்ந்து இருந்துவந்தது. 1940களில் கேன்டர்பரி பேராலயத்தில் பாடிக்கொண்டிருந்த ஆல்ஃப்ரெட் டெல்லரின் குரலை இசையமைப்பாளர் மைக்கேல் டிப்பெட் கேட்டார். அவரை வெளியுலகுக்குக் கொண்டுவந்தார். 1960இல் பெஞ்சமின் பிரிட்டன் தன் ஓபராவில் தேவதை அரசன் ஓபரான் வேடத்தை டெல்லருக்காகவே எழுதினார். 2012இல் பிரான்சின் நான்சி நகரில், லியோனார்டோ வின்சி 1730இல் ரோமுக்காக எழுதிய ‘அர்தசெர்சே’ ஓபரா மேடையேறியபோது, ஒரே மேடையில் ஐந்து கவுன்டர்டெனர்கள் நின்றார்கள்.

இவர்கள் காஸ்ட்ராட்டிகளின் நகல்கள் அல்ல. 1994இல் ஃபரினெல்லியைப் பற்றித் திரைப்படம் எடுத்தவர்கள், அந்தக் குரலைப் பெற ஒரு கவுன்டர்டெனரையும் ஒரு சொப்ரானோப் பாடகியையும் தனித்தனியே பாடவைத்துக் கணினியில் கலக்க வேண்டியிருந்தது. அந்தக் கருவி வேறு, இந்தக் கருவி வேறு. அதில் வளர விடாத குரல்வளை. இதில் முழுதாக வளர்ந்த குரல்வளை, தன் மெல்லிய விளிம்பில் மட்டும் நிற்கப் பழகியது.

அதனால்தான் எனக்குப் ‘பொய்க்குரல்’ என்ற பெயரைச் சொல்லும்போது நாக்கு தயங்குகிறது. நம் மொழியில் மெய் என்றால் உண்மை. மெய் என்றால் உடல். ஒரு காலம் சிறுவர்களின் மெய்யைச் சிதைத்து வாங்கிய பாட்டை, இன்று எந்தக் குறையும் நேராத மெய் சாதகத்தால் எட்டுகிறது. மரத்தடியில் நிற்கும் அந்த அரசன் முதல் ஸ்வரத்தை நூலிழையாக எடுக்கும்போது, நான் இப்போது திரைக்குப் பின்னால் யாரையும் தேடுவதில்லை.