ஒட்டு மீசை உரியும்போது...

"டாக்டர், பாரதியார் வந்திருக்காரு!" என்றார் என் கிளினிக்கில் சீட்டு எழுதும் பெண், சிரித்துக்கொண்டே. உள்ளே வந்த பையனைப் பார்த்ததும் எங்கள் இருவருக்குமே சிரிப்பு போய்விட்டது.

ஆறு வயதுப் பையன். கறுப்புக் கோட்டு, வெள்ளைத் தலைப்பாகை, நெற்றியில் குங்குமம். மீசை மட்டும் இல்லை. அது இருக்க வேண்டிய இடம் செக்கச் செவேலென்று வெந்து, ஓரத்தில் ஒரு கொப்புளம். அங்கங்கே கறுப்புப் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது.

பள்ளிக்கூடத்தில் மாறுவேடப் போட்டி. பஞ்சில் கண் மை தடவி மீசை செய்திருக்கிறார் அம்மா. சாதாரணப் பசையில் அது நிற்கவில்லை. நேரமோ ஆகிவிட்டது. உடைந்த பொம்மையை ஒட்ட வாங்கி வைத்திருந்த 'சூப்பர் க்ளூ' ட்யூப் கையில் கிடைத்தது. "ரெண்டே சொட்டுதான் டாக்டர் விட்டேன். பஞ்சை வச்சு அமுக்கினதும் 'சுடுது சுடுது'ன்னு அலறிட்டான். பசை எப்படிங்க சுடும்?"

சுடும். பலருக்கும் தெரியாத சங்கதி இது. இந்தப் பசையின் பெயர் சயனோஅக்ரிலேட். ஈரப்பசை பட்டதும் கெட்டியாகும். கெட்டியாகும்போது வெப்பம் வெளிவரும். வெறும் விரலில் ஒரு துளி பட்டால் அந்தச் சூடு அவ்வளவாகத் தெரியாது. பஞ்சு, பருத்தித் துணியில் பட்டாலோ, நூலிழைகள் முழுக்க ஒரே சமயத்தில் பரவிக் கெட்டியாவதால் தோலை வேக வைக்கும் அளவுக்குச் சூடேறும், சில சமயம் புகையும் வரும். சிந்திய பசையைப் பஞ்சால் துடைக்கப் போய் கையைச் சுட்டுக்கொள்பவர்கள் உண்டு. அந்த அம்மா மகனின் உதட்டுக்கு மேலேயே அதைச் செய்துவிட்டார், பாவம்.

'சித்த வைத்தியர்தானே, குங்கிலிய வெண்ணெய் தடவியிருப்பார்' என்று நீங்கள் நினைக்கலாம். தடவவில்லை. முகத்தில் தீப்புண், அதுவும் குழந்தைக்கு. குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் மெல்ல ஊற்றச் சொன்னேன். ஒட்டியிருந்த பஞ்சைத் தொடவே இல்லை. அங்கிருந்து நேரே தோல் மருத்துவரிடம் அனுப்பினேன். இரண்டு வாரத்தில் ஆறிவிட்டது.

பஞ்சில்லாமல் வெறும் பசை மட்டும் தோலில் ஒட்டிக்கொண்டால் பிய்க்காதீர்கள். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவிட்டு, எண்ணெய் தடவி, மெல்ல உருட்டி எடுங்கள். இமைகள் ஒட்டிக்கொண்டால் வலுக்கட்டாயமாகத் திறக்கவே கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரால் கழுவிவிட்டு உடனே கண் மருத்துவரிடம் போங்கள். நகப்பாலிஷ் அழிக்கும் அசிட்டோனைக் கண், உதடு பக்கம் கொண்டுபோகவே வேண்டாம்.

"அப்போ சினிமாவுல எதைத்தான் ஒட்டறாங்க?" என்று கேட்டார் அந்த அம்மா. நியாயமான கேள்விதானே!

நாடக மேடையிலிருந்து சினிமாவுக்கு வந்த பழைய பசை 'ஸ்பிரிட் கம்'. மரப்பிசினைச் சாராயத்தில் கரைத்தது, அவ்வளவுதான். பூசியதும் சாராயம் ஆவியாகிவிடும், பிசின் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் மேக்கப்காரர்கள் பூசியவுடன் மீசையை வைக்க மாட்டார்கள். விரலால் தட்டித் தட்டி, பிசுபிசுப்பு ஏறிய பிறகே வைத்து அழுத்துவார்கள். அந்தச் சாராயம் சட்டென்று தீப்பிடிக்கும் என்பதால், குத்துவிளக்கு, ஊதுபத்தி பக்கத்தில் உட்கார்ந்து பூசக்கூடாது.

1996-இல் வந்த 'அவ்வை சண்முகி', 2008-இல் வந்த 'தசாவதாரம்' போன்ற படங்களில் பார்த்தோமே, முகத்தையே மாற்றும் 'ப்ராஸ்தெடிக்' ஒப்பனை, அதற்கு இந்தப் பிசின் மட்டும் போதாது. செயற்கைக் கன்னம், மூக்கு, தாடை எல்லாம் பேசும்போதும் சிரிக்கும்போதும் தோலோடு சேர்ந்து அசைய வேண்டும், வியர்வையில் நழுவக்கூடாது. அதற்கு அக்ரிலிக் பசை, சிலிக்கோன் பசை என்று இருக்கின்றன. சிலிக்கோன் பசை மருத்துவத்திலும் பயன்படுவது. புற்றுநோயிலோ விபத்திலோ மூக்கையும் காதையும் இழந்தவர்களுக்குச் செயற்கை உறுப்பை ஒட்டிவைக்க அது உதவுகிறது. நடிகருக்கு அது ஒரு வேடம். இவர்களுக்கோ, தலை நிமிர்ந்து தெருவில் நடக்க அதுதான் துணை.

'மருத்துவத்துக்கே பயன்படுகிற பசை என்றால் பயமில்லையே' என்று எண்ணிவிட வேண்டாம். இன்னொருவர் கதையைக் கேளுங்கள்.

அவருக்கு வயது இருபத்தொன்பது. தனியார் கம்பெனி வேலை. கல்யாணத்துக்கு மூன்றே வாரம். தலையில் கைக்குட்டை கட்டிக்கொண்டு வந்தார். அவிழ்த்தால், முன்நெற்றி ஓரம் பூராவும் சிவந்து, நீர் கோத்து, ஒரே அரிப்பு. வழுக்கையை மறைக்க 'ஹேர் பேட்ச்' ஒட்டியிருந்தார். மூன்று வாரத்துக்கு ஒருமுறை கடையில் கழற்றிச் சுத்தம் செய்து மறுபடி ஒட்டுவார்கள்.

"ஆறு மாசமா இதே பசைதான் டாக்டர். ஒண்ணுமே பண்ணலையே!"

இதைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். ஒவ்வாமை முதல் நாளே வந்தாக வேண்டும் என்று ஒரு எண்ணம். உண்மையில், ஒரு பொருளை எதிரி என்று அடையாளம் கண்டுகொள்ளவே உடம்புக்குக் குறைந்தது பத்துப் பதினைந்து நாள் ஆகும். சிலருக்கு மாதங்கள், வருஷங்கள்கூட ஆகலாம். ஒருமுறை கண்டுகொண்டால் மறக்காது! அப்புறம் ஒரு பொட்டு பட்டாலும் ஒன்றிரண்டு நாளில் அரிப்பும் தடிப்பும் வந்துவிடும். எங்கள் நூல்களில் கரப்பான் என்ற தலைப்பில் வருகிற நோய்களோடு இது ஒத்துப்போகும். ஆனால் பசையை எடுக்காமல் பத்தியமும் சூரணமும் கொடுத்து என்ன பிரயோசனம்?

யாருக்கு இந்தத் தொல்லை வரலாம் என்பதை ஓரளவு வீட்டிலேயே ஊகிக்கலாம். காயத்துக்குப் போடும் பிளாஸ்திரி உங்களுக்கு அரிக்குமா? அப்படியானால் ஸ்பிரிட் கம்மில் கவனம் தேவை. வயலின் வில்லில் தேய்க்கும் ரோசின் கட்டி இருக்கிறதே, பைன் மரத்துப் பிசின், அது இந்தப் பசையிலும் சிலவகைப் பிளாஸ்திரியிலும் சேர்வது. செயற்கை நகம் ஒட்டி விரல் புண்ணானவர்களும், சர்க்கரை அளவைப் பார்க்கக் கையில் ஒட்டும் சென்சாருக்கு அடியில் தடித்துப்போனவர்களும் அக்ரிலிக் பசையை யோசித்துத்தான் தொட வேண்டும். பலூன் ஊதினால் உதடு வீங்குகிறவர்கள் ரப்பர் பாலை, அதாவது 'லேடக்ஸ்' திரவத்தை, கிட்டவே சேர்க்கக்கூடாது. அந்த ஒவ்வாமை மூச்சுத் திணறல்வரை கொண்டுபோய் விடும்.

புதுப் பசை எதுவானாலும் முழங்கையின் உட்பக்கம் பொட்டு அளவு தடவி இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். 'காலையில் தடவி மாலையில் பார்த்தேன், ஒன்றுமில்லை' என்பது கணக்கில் சேராது. இரண்டு நாள் கழித்தும் ஒன்றுமில்லை என்றால் அன்றைக்கு ஒட்டலாம். நாளைக்கே ஒவ்வாமை வராது என்று அதற்கு அர்த்தமில்லை. வந்துவிட்டால், எந்தப் பொருள் என்று தோல் மருத்துவர் முதுகில் 'பேட்ச் டெஸ்ட்' செய்து கண்டுபிடித்துச் சொல்வார்.

ஒட்டுவதைவிட எடுப்பதில்தான் பாதித் தோல் போகிறது. விழா முடிந்து களைத்துப்போய், கண்ணாடி முன் நின்று 'சர்ர்'ரென்று இழுப்பது நம் ஆட்களின் வழக்கம். அப்படிச் செய்யாதீர்கள். ஸ்பிரிட் கம்முக்குத் தேங்காய் எண்ணெயே போதும். ஓரத்தில் தாராளமாகத் தடவி ஐந்து பத்து நிமிடம் சும்மா இருங்கள். பிறகு ஒரு கையால் தோலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஓரத்திலிருந்து மெல்ல உரியுங்கள். அக்ரிலிக், சிலிக்கோன் பசைகளுக்கு அந்தந்தப் பசைக்கென்று விற்கும் நீக்கியையும் சேர்த்தே வாங்குங்கள். மண்ணெண்ணெய், பெயின்ட் தின்னர் எதுவும் வேண்டாம். சவரம் செய்த உடனே ஒட்டு மீசை வைக்காதீர்கள், முதல் நாளே செய்துவிடுங்கள். பருவுக்கு ட்ரெட்டினாயின், அடாபலீன் களிம்பு பூசுகிற இளைஞர்களுக்குத் தோல் மெலிந்து எளிதில் உரியும் நிலையில் இருக்கும். அவர்கள் முகத்தில் எதையும் ஒட்டாமல் இருப்பதே நல்லது. சர்க்கரை நோயாளிகளுக்குச் சின்ன உரிசல்கூடச் சட்டென்று ஆறாது.

எண்ணெய் என்றதும் இன்னொன்று. வழுக்கைக்கு எண்ணெய் கேட்டு என்னிடம் வருகிறவர்கள் அநேகம். பரம்பரையாக வரும் வழுக்கையில் என் எண்ணெயைத் தடவி முடி முளைக்காது என்று நானே சொல்லி அனுப்புகிறேன். ஆகவே பேட்ச் ஒட்டுகிறவர்களை நான் குறை சொல்வதில்லை. பேட்ச் அடியில் வியர்வையும் அழுக்கும் தங்கி வேர்க்கால் சீழ்ப்புண்ணும் படையும் வருவதையும் பார்க்கிறேன், அதனால் சொல்கிறேன். நம் ஊர் வெயிலுக்கு மூன்று வாரம் கழற்றாமல் வைத்திருப்பது அதிகம். பக்கத்தில் முடி இருக்கிறவர்கள் கிளிப் வைத்த பேட்ச் போட்டுக்கொண்டு இரவில் கழற்றி வைக்கலாமே.

மாப்பிள்ளைக்கும் அதையேதான் சொன்னேன். பசையை நிறுத்தி, தோல் மருத்துவரின் களிம்பைப் போட்டதில் பத்து நாளில் நெற்றி ஆறியது.

"பெண் வீட்டுக்குத் தெரியுமாப்பா?" என்று கேட்டேன்.

"அவங்களுக்கு முதல் நாளே சொல்லிட்டேன் டாக்டர். ஆபீஸ்ல இருக்கிறவங்களுக்குத்தான் தெரியாது."

கிளிப் பேட்ச்சோடு தாலி கட்டினார். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய ஆபீஸ்காரர், "மாப்பிள்ளைக்கு என்ன முடி பாருங்க சார்!" என்றார். நான் பாயசத்தைக் குடித்துக்கொண்டிருந்தேன்.